ஒரு வீட்டுக்கு ஓர் அடுப்பு

பிப்ரவரி 4

அண்ணி,

மாடியில் என் சமையலறை பாதியில் நிற்பதற்குக் காரணம் மேஸ்திரி இல்லை. நீங்கள்தான்.

மேஸ்திரி வரவில்லை, மணல் வரவில்லை, பிளம்பருக்குக் காய்ச்சல் என்று வாரத்துக்கு ஒரு கதை சொல்கிறீர்கள். கதையெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் உங்களை எனக்குத் தெரியும். கேஸ் சிலிண்டர் தாமதமானபோது வண்டிக்காரரை நடுத்தெருவில் நிறுத்தி நீங்கள் கேட்ட கேள்விக்கு, அவர் அடுத்த மாத சிலிண்டரையும் சேர்த்து இறக்கிவிட்டுப் போனார். நீங்கள் நினைத்தால் இந்த மேஸ்திரியை வேலை வாங்க ஒரு நாள் போதும். உங்களுக்கு அந்தச் சமையலறை வேண்டாம். அதனால் அது எழும்பவில்லை.

போனில் இதைச் சொன்னால் நான் கத்துவேன், நீங்கள் அழுவீர்கள், விஷயம் நகராது. அதனால்தான் எழுதுகிறேன்.

இடமாற்றம் கிடைத்துவிட்டது. நம் ஊர் ஆஸ்பத்திரி, குழந்தைகள் வார்டு. போகிறேனா இல்லையா என்று மார்ச் இருபதுக்குள் கண்காணிப்பாளரிடம் சொல்லியாக வேண்டும். எனக்குப் பின்னால் இன்னும் சில நர்ஸுகள் அந்த இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். மாடியில் அடுப்பு இருந்தால் வருவேன். இல்லாவிட்டால் வர மாட்டேன்.

பிடிவாதம் என்பீர்கள். புருஷனை விட்டுவிட்டு வந்து நம் வீட்டில் இருந்த கொஞ்ச நாளை நினைத்துப் பாருங்கள். சித்தப்பா சாப்பிட உட்கார்ந்தார். என் தட்டைப் பார்த்து, "பொறந்த வீட்டுச் சோறு ருசியாத்தான் இருக்கும், அதுக்காக எத்தனை நாளைக்கு?" என்றார். அண்ணன் பக்கத்தில்தான் இருந்தார். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். நான் எழுந்து கை கழுவினேன். அதோடு அண்ணன் என்னிடம் பேசுவதும் நின்றுபோனது. என்னைப் பற்றி ஏதாவது தெரிய வேண்டுமென்றால் உங்களிடம் கேட்டுக்கொள்கிறார்.

இங்கே விடுதியில் அறைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது. போன வாரம் வார்டன் வந்து என் எலெக்ட்ரிக் கெட்டிலையும் பறித்துக்கொண்டு போனார். புருஷன் வீட்டில் இருந்தது மாமியாருடைய அடுப்பு. பிறந்த வீட்டில் இருப்பது உங்களுடையது. நாள் முழுக்க நின்று சம்பாதிக்கிறவள் தன் பசிக்குத் தானே நெருப்புப் பற்றவைக்க இன்னும் எத்தனை பேரிடம் அனுமதி வாங்க வேண்டும்? அப்பா மாடியை என் பெயருக்கு எழுதிவைத்தார். அதில் ஓர் அடுப்புக்கு இடம் கேட்கிறேன். அவ்வளவுதான்.

நீங்கள் பெயர் வைத்த
மிளகாய்


பிப்ரவரி 11

என் மிளகாய்க்கு,

கடிதத்தைப் படித்ததும் கோபம் வந்தது. அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து மறுபடியும் படித்தேன். கோபம் அதிகமானது. அது தணிந்த பிறகு எழுதுகிறேன். நீ சொன்னதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்று சொல்ல மாட்டேன்.

மேஸ்திரியைப் பற்றி நீ நினைப்பது தப்பு. அவரை யாராலும் வேலை வாங்க முடியாது. போன மாதம் சிமென்ட் பூசுகிற தன் கரணையையும் ரசமட்டத்தையும் நம் மாடியில் விட்டுவிட்டுப் போனார். பிழைப்புக்கான சாமானையே வைத்துவிட்டுப் போகிறாரே, நாளைக்கு வந்துதானே ஆக வேண்டும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். அப்புறம்தான் தெரிந்தது, வேலையை ஒப்புக்கொண்ட ஒவ்வொரு வீட்டிலும் ஒரு கரணை வைத்திருக்கிறார். அடுத்த தெருவில் ஒரு டீச்சரம்மா வீட்டில் அவருடைய கரணை மழைக்காலத்திலிருந்து கிடக்கிறதாம். அந்த அம்மா அதை வைத்துச் செடிக்கு மண் கிளறிக்கொண்டிருக்கிறார்.

பிளம்பர் வேறு ரகம். கூப்பிட்டால் உடனே போனை எடுப்பார். "பக்கத்துல வந்துட்டேன்மா" என்பார். பின்னால் அவர் வீட்டு குக்கர் விசில் அடிக்கும். ஒரு நாள் நிஜமாகவே வந்து சிங்க்குக்குக் குழாய் போட்டார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். போன தண்ணீர் யோசித்துவிட்டுத் திரும்பி வந்தது. தண்ணீர் ஓடச் சரிவாக வாட்டம் கொடுக்கவில்லை. "செட்டாயிடும்" என்கிறார். குழாய் என்ன புது மருமகளா, போகப் போகச் சரியாகிவிட?

இதெல்லாம் போதாதென்று, கட்டி முடித்த சமையல் மேடையை மேஸ்திரி போன வாரம் தானாகவே வந்து இடித்துவிட்டு மறுபடியும் கட்டினார். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறார். கட்டாத வேலை எவ்வளவோ கிடக்க, கட்டினதை இடிக்கிற ஆளை என்ன செய்வது?

தெருவில் அவர் கொட்டிவைத்த மணலைப் பார்த்து நகராட்சியிலிருந்து கட்டட ஆய்வாளர் வந்தார். மணலை அள்ளச் சொன்னவர் அப்படியே தலையைத் தூக்கி மாடியைப் பார்த்தார். என்ன கட்டுகிறீர்கள் என்றார். வீட்டுக்காரர் இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். மறுபடியும் வருவாராம்.

இப்போது உன் அடுப்புக்கு வருகிறேன். எனக்கு வலித்தது, அது உண்மை. ஒரே வீட்டில் இரண்டு அடுப்பு எரிந்தால் ஊர் என்னைத்தான் பார்க்கும். நாத்தனாரை ஒதுக்கிவைத்தவள் என்று என் பெயர்தான் அடிபடும். உன் அண்ணனை ஒருவரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். அவர் எப்போதும் போல நல்லவராகவே இருப்பார்.

சித்தப்பா இப்போது நம் வீட்டுக்கு வருவதில்லை. போன முறை சாப்பாட்டு நேரம் பார்த்து வந்தார். உட்காரவைத்து ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தேன். அது தீர்ந்ததும் இன்னொரு செம்பு கொடுத்தேன். புரிந்துகொண்டார்.

அன்புடன்,
அண்ணி


பிப்ரவரி 17

அண்ணி,

பாதி மன்னிப்புக் கேட்கிறேன். எந்தப் பாதிக்கு என்று நானும் சொல்ல மாட்டேன். தண்ணீர்ச் செம்பை மட்டும் நினைத்து நினைத்துச் சிரித்தேன். நான் ஊசி போட்டுக்கொண்டிருந்த நோயாளி பயந்துவிட்டார்.

ஊர் உங்களைப் பேசும் என்பதை நான் யோசிக்கவில்லை. எனக்கு அநியாயம் நடந்தால் தெரிகிறது. உங்களுக்கு நடப்பது அடுப்படிப் புகை மாதிரி, பழகிவிட்டதால் கண்ணில் படுவதில்லை. ஆனால் அதற்காக என் அடுப்பை விட முடியாது. ஊர் பேசினால் எனக்கு எழுதுங்கள், வந்து பதில் சொல்கிறேன்.

அந்த ஆய்வாளர் விஷயத்தில் கவனமாக இருங்கள். என்னோடு வேலை பார்க்கிற ஒருத்தியின் வீட்டில் இதே கதை நடந்தது. வரைபடத்தில் ஒரு வீடு என்று இருந்தால் ஒரு சமையலறைதான் இருக்கலாம். இரண்டாவது வந்தால் அது இரண்டாவது வீடு. இரண்டாவது வீடு என்றால் வெளிப்பக்கமாகத் தனிப் படிக்கட்டு வேண்டும். நம் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவில் ஒரு பூனை போகலாம், வாளியோடு போக முடியாது. அங்கே எங்கே படி கட்டுவது?

விதி தப்பு என்று சொல்லவில்லை. தீப்பிடித்தால் ஓட வழி வேண்டும், அது நியாயம். ஆனால் எங்கள் ஆஸ்பத்திரியில் அவசர வழியைப் பூட்டி, பழைய கட்டில்களை அடுக்கிவைத்திருக்கிறார்கள். ஒரு மாடி நிறைய நோயாளிகள். அதைப் பார்க்க அளக்கிற டேப்பைத் தூக்கிக்கொண்டு எவரும் வருவதில்லை. பெரிய கட்டடத்தின் முன்னால் சுருண்டு கிடக்கிற டேப், தெருவில் ஒரு கூடை மணலைக் கண்டால் மட்டும் நீண்டுவிடுகிறது.

அதனால் பொய் சொல்லுங்கள். துணி துவைக்கிற அறை என்று சொல்லுங்கள். மேடை எதற்கு என்றால் இஸ்திரி போட. சிங்க் எதற்கு என்றால் அலச. அண்ணனை மட்டும் அந்த நேரத்தில் பக்கத்தில் விடாதீர்கள். பொய் சொன்னால் அவருக்குக் காது சிவந்துவிடும். கணக்கு வாத்தியாராக இருந்து இருந்து, விடை தப்பாக இருந்தால் அவரால் சும்மா உட்கார முடியாது.

மிளகாய்


பிப்ரவரி 25

என் மிளகாய்க்கு,

உட்கார்ந்துகொண்டு படி.

ஆய்வாளர் நேற்று வந்தார். சின்ன வயசு, ஒல்லியாக இருந்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார், பாவம். மாடிக்குக் கூட்டிப்போனேன். நீ சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். மேடையைத் தடவிப் பார்த்தார். சிங்க்கைப் பார்த்தார். "சரிங்கம்மா, துவைக்கிற ரூம்" என்று எழுத ஆரம்பித்தார். பேனா தாளில் பட்டுவிட்டது, அவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

அப்போது உன் அண்ணன் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து படியேறினார். "துவைக்கிற ரூமா? யாரு சொன்னா? இது என் தங்கச்சியோட சமையல் ரூம் சார்" என்றார்.

நான் அவர் காலை மிதித்தேன். "ஏன் மிதிக்கிற?" என்று என்னைக் கேட்கிறார், அந்த ஆளுக்கு முன்னாலேயே.

அதோடு நிறுத்தவில்லை. ஆய்வாளரைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போனார். "இந்த உசரத்தைப் பாருங்க சார். சாதாரணமா எல்லாரும் கட்டுற உசரம் இல்ல. அவ குட்டை. கீழ அடுப்புகிட்ட நுனிக்கால்லதான் நிப்பா. அதான் மேஸ்திரிகிட்டச் சொல்லி இடிச்சு இறக்கிக் கட்டவெச்சேன். நாள் பூரா ஆஸ்பத்திரில நின்னுட்டு வர்றவ. இங்கயும் வந்து தோள் வலிக்கக் கூடாது பாருங்க."

எனக்கு மயக்கமே வந்தது. மேடையை இடிக்கச் சொன்னது அவர். என்னிடம்கூடச் சொல்லவில்லை. மேஸ்திரி சிரித்தது அதற்குத்தான்.

ஆய்வாளர் பேனாவை மூடினார். "சார், நீங்க இன்னும் கொஞ்சம் லேட்டா வந்திருக்கலாம்" என்றார். உன் அண்ணனுக்கு அப்போதும் புரியவில்லை. விதியை விளக்கிச் சொன்ன பிறகுதான் முகம் மாறியது.

நீ எழுதியது போலவேதான் விதி. இரண்டு சமையலறை என்றால் இரண்டு வீடு, வெளியே தனிப் படி. பக்கவாட்டு இடத்தை அளந்து, போதாது என்று எழுதினார். உன் அண்ணன் டேப்பை வாங்கித் தானும் அளந்தார். ஆய்வாளர் எழுதியதைவிட இன்னும் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதையும் சொல்லித் திருத்தவைத்தார். இப்படி ஒரு மனிதரோடு நான் குடும்பம் நடத்துகிறேன். வேலையை நிறுத்தச் சொல்லிக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது.

அப்புறம் அவர் சாப்பிடவே இல்லை. "அவ கோவிச்சுக்குவாளா?" என்று கேட்டார். நீங்களே அவளிடம் கேளுங்கள் என்றேன். "நீயே எழுதிடு" என்று சொல்லிவிட்டுப் பேப்பர் திருத்த உட்கார்ந்துவிட்டார். ஒரே பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 1

அண்ணி,

குட்டையாம். ஆய்வாளரிடம் போய்ச் சொல்ல வேண்டிய விஷயமா அது?

துணிகள் அடுக்குகிற அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடிதத்தைப் படித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று எனக்கே தெரியாது. வெளியே வந்தபோது தலைமை நர்ஸ் என்னைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போக வேண்டுமா என்று கேட்டார். எந்த வீட்டுக்கு என்று கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை.

முன்பின் தெரியாத ஆளிடம் என் தோள்வலியைப் பற்றிப் பேச அண்ணனுக்கு வாய் இருக்கிறது. சித்தப்பா முன்னால் இல்லை. என்னிடமும் இல்லை. அவரை நினைத்தால் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றுகிறது, சுவரில் முட்டிக்கொள்ளவும் தோன்றுகிறது.

போதும் அண்ணி. இதற்கு மேல் இந்த விஷயத்தை இழுக்க வேண்டாம். படிக்கட்டுக்கு இடமில்லை. சட்டத்தை ஏமாற்றுகிற சாமர்த்தியமும் நம் வீட்டில் யாருக்கும் இல்லை. மறுபடியும் உங்கள் சமையலறை வாசலில் தட்டோடு வந்து நிற்க என்னால் முடியாது. நீங்கள் அன்பாகத்தான் போடுவீர்கள், தெரியும். அன்பாகப் போட்டாலும் அது இன்னொருவர் போடுவதுதான்.

இந்த இடமாற்றம் வேண்டாம் என்று கண்காணிப்பாளரிடம் சொல்லப் போகிறேன். அந்த மேடையை மட்டும் இடிக்காதீர்கள். பூந்தொட்டி எதையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

மிளகாய்


மார்ச் 7

மிளகாய்,

எந்தக் கண்காணிப்பாளரிடமும் எதையும் சொல்லாதே. கீழே என் சமையலறை இப்போது இல்லை. இடித்தாயிற்று.

உன் கடிதம் வந்த அன்றே நகராட்சி அலுவலகத்துக்குப் போனேன். அந்த ஆய்வாளர் என்னைப் பார்த்ததும் எழுந்து நாற்காலி போட்டார். உன் அண்ணன் கூட வந்திருக்கிறாரா என்று பயந்து வாசலைப் பார்த்தார். இல்லை என்றதும் உட்கார்ந்தார். வீட்டுக்கு ஒரு சமையலறை என்கிறீர்களே, அது கீழேதான் இருக்க வேண்டுமா என்று கேட்டேன். புத்தகத்தைப் புரட்டினார். இன்னொருவரிடம் போய்க் கேட்டுவிட்டு வந்தார். "எங்க இருக்கணும்னு விதியில இல்லம்மா. எத்தனைங்கறதுதான் விதி" என்றார்.

அவ்வளவுதான், கிளம்பி வந்துவிட்டேன். தெருமுனையிலிருந்தே மேஸ்திரிக்குப் போன் செய்து, இடிக்க வேண்டும் என்றேன். மறுநாள் பால்காரர் வருவதற்கு முன்னால் வாசலில் நிற்கிறார். கட்டச் சொன்னால் காணாமல் போகிற மனிதர், இடிக்கச் சொன்னால் கல்யாண வீட்டுக்கு வருகிற மாதிரி வருகிறார். மத்தியானத்துக்குள் மேடையும் இல்லை, சிங்க்கும் இல்லை, புகைக்கூண்டும் இல்லை.

உன் அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தார். வீடு மாறி வந்துவிட்டோமோ என்று வாசல் வரை போய்த் திரும்பி வந்தார். "சாப்பாடு?" என்று கேட்டார். மேலே கையைக் காட்டினேன். அடுப்பை ஏற்கெனவே மாடிக்குக் கொண்டுபோய்விட்டேன். ஆய்வாளர் வந்து பார்த்து, சமையலறை ஒன்று, மாடியில் என்று எழுதி, நோட்டீஸை அவர் கையாலேயே கிழித்தார். சிங்க் தண்ணீர் மட்டும் இன்னும் திரும்பி வருகிறது. பிளம்பர் பக்கத்தில் வந்துகொண்டிருக்கிறார்.

தியாகம் அது இது என்று எழுதிவிடாதே, எனக்குக் கெட்ட கோபம் வரும். என் தையல் மெஷின் கல்யாணமான நாளிலிருந்து கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில்தான் கிடக்கிறது. பிளவுஸ் தைக்கக் கொடுக்க வருகிறவர்களைப் படுக்கையில் உட்காரவைத்துத்தான் அளவெடுக்கிறேன். இந்த வீட்டில் நல்ல வெளிச்சம் இருந்த ஒரே இடம் அந்தச் சமையலறைதான். இத்தனை நாள் அந்த வெளிச்சத்தில் பாத்திரம் கழுவினேன். இனி ஊசியில் நூல் கோக்கப் போகிறேன். மெஷினை ஜன்னல் ஓரமாகப் போட்டாயிற்று.

இனி நீ எங்கள் வீட்டுச் சாப்பாட்டுக்கு வரவில்லை. நாங்கள்தான் படியேறி உன் வீட்டுக்குச் சாப்பிட வருகிறோம். ஊர் பேசட்டும், நாத்தனார் வீட்டில் சாப்பிடுகிறவள் என்று. சித்தப்பா வந்தால் மேலே அனுப்புகிறேன். எத்தனை நாளைக்கு என்று நீ கேட்டுக்கொள்.

மேடை எனக்கு இடுப்புக்கும் கீழே இருக்கிறது. குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது. சீக்கிரம் வந்து சேர்.

அன்புடன்,
அண்ணி


மார்ச் 11

அண்ணி,

நீங்கள் லேசுப்பட்ட ஆள் இல்லை. கடிதத்தை அறைத்தோழிக்கு வாசித்துக் காட்டினேன். அவள் உங்களைத் தனக்கு அண்ணியாக அனுப்பிவைக்கச் சொல்கிறாள். தர மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

தியாகம் என்று எழுதவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். நான் கேட்டது என் பசிக்கு ஓர் அடுப்பு. இப்போது என் தலையில் வந்திருப்பது மொத்த வீட்டின் சமையல். உங்கள் கையிலிருந்த கரண்டி என் கைக்கு வருவது ஷிப்ட் மாறுகிற மாதிரிதான். நர்ஸுக்கு அது தெரியும். ஒருத்தி போவாள், ஒருத்தி வருவாள், கட்டிலில் படுத்திருக்கிறவர் படுத்தே இருப்பார். இரண்டு பெண்கள் வேலை பார்க்கிற வீட்டில் படுத்தே இருக்கிறவர் யார் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கு நீங்கள் பதில் எழுத வேண்டாம். உள்ளே இன்னொரு தாள் வைத்திருக்கிறேன். அதைப் படித்துச் சொல்லாதீர்கள். அண்ணன் கையில் கொடுத்துவிடுங்கள்.

மிளகாய்


அண்ணா,

மேடையை இறக்கிக் கட்டவைத்ததற்கு நன்றி சொல்ல மாட்டேன். உங்கள் தங்கை குட்டை என்பது உங்களுக்குத் தெரியும், அதற்குத் தகுந்த மாதிரி கட்டினீர்கள். சரி. ஆனால் அதை நான் அண்ணி எழுதித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் சாப்பிடாமல் இருந்ததையும் அப்படித்தான். நான் கோபித்துக்கொள்வேனா என்று கவலைப்பட்டதையும் அப்படித்தான்.

நான் புருஷனை விட்டு வந்தது உங்களுக்கு அவமானமாக இருக்கிறதா, வருத்தமாக இருக்கிறதா, ஒன்றுமே இல்லையா? எனக்குத் தெரியாது. மேடையின் உயரத்தை வைத்து நானே கணக்குப் போட்டுக்கொள்ள முடியாது. நான் கணக்கில் எப்போதும் மோசம், நீங்கள்தான் மார்க் போட்டிருக்கிறீர்கள்.

இரண்டு விஷயம் வேண்டும். மாடி அடுப்பில் உங்கள் முறை எது என்று சொல்லுங்கள். சமைக்கத் தெரியாது என்றால் கற்றுக்கொள்ளுங்கள், பெருக்கல் வாய்ப்பாட்டைவிட அது சுலபம். இன்னொன்று, என்னை வரச் சொல்லுங்கள். அண்ணி மூலமாக வேண்டாம். உங்கள் கையெழுத்தில் எழுதுங்கள். அதைப் பார்த்த பிறகுதான் கண்காணிப்பாளரிடம் வாயைத் திறப்பேன்.

உங்கள் தங்கை


மார்ச் 17

அண்ணா,

இன்றும் தபாலில் எனக்கு ஒன்றும் இல்லை.

அண்ணி போன் செய்தார். நீங்கள் எழுத உட்கார்வதாகவும், எழுதி எழுதிக் கிழித்துப் போடுவதாகவும் சொன்னார். நேற்று அடுப்புப் பக்கம் வந்து, பால் எப்போது பொங்கும் என்று கேட்டீர்களாம். போனில் உங்களைக் கூப்பிடச் சொன்னேன். நீங்கள் தெருவுக்குப் போய்விட்டீர்களாம்.

இருபதாம் தேதி கேட்பார்கள். பெட்டி கட்டிவைத்திருக்கிறேன், பூட்டவில்லை.

நன்றாக எழுத வேண்டும் என்று இல்லை. கிழித்துப் போட்டதில் ஒன்றைக் குப்பையிலிருந்து எடுத்து அனுப்புங்கள். ஒட்டிப் படித்துக்கொள்கிறேன். இதைக் கூரியரில் அனுப்புகிறேன், நாளைக்கே கிடைத்துவிடும்; நீங்களும் அன்றே கூரியரில் போடுங்கள்.

உங்கள் தங்கை